சம்ப்பில் ஒட்டிய தேரி மண்

காருக்குக் கீழே மல்லாந்து படுத்து, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, பழைய பனியன் துணியால் என்ஜினின் அடிப்பாகத்தை ஒரு இழுப்பு இழுத்துத் துடைத்தபோது துணியில் வந்தது வெறும் எண்ணெய் இல்லை, செம்மண். தவசிமுத்து துணியை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுவந்து பார்த்தார். நல்ல குங்குமச் சிவப்பு, எண்ணெயில் குழைந்து களிம்பாக இருந்தது. என்ஜினுக்கு அடியில் எண்ணெய் தேங்கி நிற்கிற தகரத் தொட்டியை சம்ப் என்பார்கள். அதன் விளிம்பிலிருந்துதான் கொஞ்ச நாளாகச் சொட்டுச் சொட்டாக ஒழுகுகிறது, போர்ட்டிகோ தரையில் தோசைக்கல் அகலத்துக்குக் கறை, விளிம்புக்கு நடுவில் வைக்கிற அட்டைப் பேக்கிங் போயிருக்கும், வயசான வண்டிதானே, ஞாயிற்றுக்கிழமை காலையில் கழற்றி மாட்டிவிட்டால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடிந்தது என்று கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு படுத்தவர், இப்போது பேக்கிங்கை விட்டுவிட்டு மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிவகாசியில் இந்த மண் ஏது? இங்கே செருப்பில் ஒட்டினால் கரிசல்தான் ஒட்டும். இது தேரி மண். திருச்செந்தூர்ப் பக்கம், குலசாமி சாஸ்தா கோயிலைச் சுற்றிப் பனையும் முள்ளுமாகக் கிடக்கிற தேரிக்காட்டு மண். அந்தச் சிவப்பை ஒரு தடவை பார்த்தவன் மறக்கமாட்டான். மறக்கமாட்டான் என்ற வார்த்தையில் அவர் மனசு லேசாகத் தடுக்கி, பிறகு ஒன்றும் நடக்காத மாதிரி மேலே போனது.

போன வருஷம் போனபோது ஒட்டியதாக இருக்கும் என்று முதலில் தோன்றியது. நல்ல சமாதானம்தான், ஆனால் நிற்கவில்லை. தீபாவளிக்கு முன்னால் இதே இடத்தில் இதே மாதிரி படுத்து, மண்ணெண்ணெய் ஊற்றி, பிரஷ் போட்டு, அடிப்பாகம் முழுக்கக் கழுவியிருக்கிறார். அன்றைக்கு முழங்கையில் மண்ணெண்ணெய் இறங்கி எரிந்தது நினைவிருக்கிறது. சொர்ணம் தேங்காய் எண்ணெய் போட்டுவிட்டாள், அதுவும் நினைவிருக்கிறது, பார்த்தாயா, எல்லாம் நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு வண்டி எங்கே போனது? மார்க்கெட், ரேஷன் கடை, விருதுநகர் ஆஸ்பத்திரி. எல்லாம் தார் ரோடு. இந்த வருஷம் பங்குனி உத்திரத்துக்குக் குலசாமி கோயிலுக்குப் போகவில்லை, அவருக்குக் காய்ச்சல். டார்ச்சை இன்னும் கிட்டே கொண்டுபோனார். சம்ப்பின் முன்விளிம்பில் ஒரு விரல் நீளத்துக்குச் சிராய்ப்பு. தகரம் வெள்ளையாகப் பளபளத்தது, துரு ஏறவில்லை. கல்லிலோ வேரிலோ ஏறி இறங்கியிருக்கிறது, அந்த இடியில்தான் பேக்கிங் மூலை கிளம்பி எண்ணெய் வழிகிறது. ஆக, வண்டி தேரிக்காட்டுக்குப் போயிருக்கிறது. யாரோ ஓட்டிக்கொண்டு போய்விட்டு, ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

யார்? வீட்டில் இருப்பதே இரண்டு பேர். சாவி பிரிட்ஜுக்குப் பக்கத்து ஆணியில் தொங்குகிறது. ஒரு திருடன் வந்து, சாவியை எடுத்து, வண்டியில் போய் அவர்கள் குலசாமியைக் கும்பிட்டுவிட்டு, மறுபடி கொண்டுவந்து நேராக நிறுத்தி, சாவியை ஆணியில் மாட்டிவிட்டுப் போனான் என்றால் அவனுக்கு மாலைதான் போட வேண்டும். அப்படிப் பக்தியுள்ள திருடன் கிடையாது. ஆக ஒன்று சொர்ணம், இல்லாவிட்டால் அவர். சொர்ணத்துக்கு வண்டி ஓட்டத் தெரியாது. ஆக அவர். ஆனால் அவர் போகவில்லை. போயிருந்தால் தெரிந்திருக்குமே. தெரிந்திருக்குமா? அவருக்கு முதுகுக்குக் கீழே விரித்திருந்த சாக்கு திடீரென்று குத்தத் தொடங்கியது. எழுந்து வெளியே வந்துவிடலாமா என்று பார்த்தார். முன்சக்கரம் இரண்டும் மரக்கட்டை மேல் ஏறி நின்றன, பின்சக்கரத்துக்குச் செங்கல் முட்டு வைத்திருந்தது. வைத்தது நினைவிருக்கிறதா? இருக்கிறது. இடதுபக்கச் செங்கல் ஓரம் உடைந்தது, அதையும் சொல்லலாம். அவருக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது, ஸ்பேனரை எடுத்து எண்ணெய் வடிக்கிற போல்ட்டைத் திருகினார்.

எண்ணெய் கறுப்புக் கயிறாகப் பழைய அலுமினியச் சட்டியில் இறங்கியது. இந்தச் சத்தம் அவருக்குப் பிடிக்கும். அச்சகத்தில் இருந்த காலத்திலும் ஞாயிற்றுக்கிழமையானால் ஏதாவது ஒன்றைக் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். ஆப்செட் மெஷினில் நின்றே தலை நரைத்த ஆள். நாலு கலர் ஒன்றன்மேல் ஒன்று விழுகிறபோது ஒரு மயிரிழை விலகினாலும் கண்டுபிடித்துவிடுவார், முருகனுக்கு இரண்டு மூக்கு வருதுடா, மெஷினை நிறுத்து என்று கத்துவார், முதலாளியே சிரிப்பார். இப்போது அந்த மாதிரிதான் இருக்கிறது. அவருக்குத் தெரிந்த பங்குனி மாசம் ஒன்று, வண்டிக்குத் தெரிந்த பங்குனி மாசம் ஒன்று, இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக விழமாட்டேன் என்கிறது. எது விலகியது? மெஷினா, தாளா? அண்ணன் செல்வக்கனிக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது என்று மதினி சொன்னாள். கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வராமல், விற்றுப்போன பழைய வீட்டு வாசலில் போய் நின்றாராம், அங்கே குடியிருந்தவர்களை யார் நீங்க என்று அதட்டினாராம். எல்லோரும் சிரித்தார்கள். தவசிமுத்துவும்தான் சிரித்தார். பிறகு ஒரு நாள் அண்ணன் மதினியையே பார்த்து, இந்தம்மாவுக்கு காப்பி கொடுங்க, வந்து ரொம்ப நேரம் ஆச்சு என்றார். அன்றைக்கு ஒருத்தரும் சிரிக்கவில்லை. மதினி அந்தக் காப்பியை வாங்கிக் குடித்தாள். அதை ஏன் இப்போது நினைக்க வேண்டும்? போல்ட்டைக் கழற்றுகிற வேலையைப் பார்.

போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றித் தேங்காய்ச் சிரட்டையில் போட்டார். ஒவ்வொன்று விழும்போதும் சொர்ணம் ஓட்டியிருப்பாள் என்ற எண்ணம் பலப்பட்டது. ஏன் கூடாது? தெரு முனையில் டிரைவிங் ஸ்கூல் இருக்கிறது. தினமும் சாயங்காலம் மகளிர் குழு என்று சொல்லிவிட்டுப் போகிறாள். குழுவில் அப்படி என்னதான் தினமும் பேசுவார்கள்? குழுவே கிடையாது, எல் போர்டு மாட்டின காரில் உட்கார்ந்து கிளட்ச் மிதிக்கிறாள். பக்கத்தில் ஒரு சின்னப் பயல் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு, அக்கா, ஸ்டீயரிங்கை லூஸா பிடிங்க என்கிறான். அவன் கை எங்கே இருக்கிறது? இருக்கட்டும், எங்கே வேண்டுமானாலும் இருக்கட்டும். தவசிமுத்துவுக்கு இந்த வயசில் பெண்டாட்டிமேல் சந்தேகப்படுவது எவ்வளவு சுகமாக இருக்கிறது என்பது ஆச்சரியமாக இருந்தது. அவள் பொய் சொல்லியிருக்கட்டும், ஏமாற்றியிருக்கட்டும், கூலிங் கிளாஸ் பயலோடு தேரிக்காட்டில் ஐஸ்கிரீம் தின்றிருக்கட்டும். எல்லாவற்றையும் மன்னித்துவிடலாம். சாஸ்தாவே, அவளாக இருக்கட்டும் என்று நிஜமாகவே வேண்டிக்கொண்டார். அப்போது சீட்டு ஞாபகம் வந்தது. சொர்ணம் குள்ளம். அவள் ஓட்டியிருந்தால் டிரைவர் சீட்டை முன்னால் தள்ளியிருப்பாள், காலையில் கட்டைமேல் ஏற்ற உட்கார்ந்தபோது அவருக்கு முழங்கால் இடித்திருக்கும். இடித்ததா? யோசித்தார். முழங்காலையே கேட்கிற மாதிரி அதைத் தொட்டுப் பார்த்தார். உட்கார்ந்தது நினைவிருக்கிறது, சோக்கை இழுத்தது நினைவிருக்கிறது, முழங்கால் மட்டும் நினைவில் இல்லை. நல்லவேளை, அவள் மறுபடி பின்னால் தள்ளி வைத்திருப்பாள். விவரமானவள்.

கடைசிப் போல்ட்டும் வந்ததும் சம்ப் ஒரு பெருமூச்சோடு கையில் இறங்கியது. அதை வெளியே இழுத்துவந்து, மண்ணெண்ணெயில் அலசி, விளிம்பில் காய்ந்துபோய் ஒட்டியிருந்த பழைய பேக்கிங்கைப் பிளேடால் சுரண்டினார். இந்த வண்டிக்கு ரெடிமேட் பேக்கிங் இப்போதெல்லாம் கடையில் கிடையாது, கேட்டால் கடைக்காரன் மியூசியத்தில் கேளுங்க அண்ணாச்சி என்கிறான். அதனால் என்ன, சிவகாசியில் அட்டைக்கா பஞ்சம்? பரண்மேல் விற்காத காலண்டர் ஒரு கட்டு கிடந்தது. மேலே இருந்ததை உருவினால் பிள்ளையார். சாமி படத்தில் எண்ணெய்ச் சட்டியை ஒட்டினால் சொர்ணம் சோறு போடமாட்டாள். அடுத்தது லட்சுமி. அடுத்தது மாதா. கட்டின் அடியில் ஒரு கொழுகொழு குழந்தை, பல்லில்லாத சிரிப்பு. சரி, வா ராசா என்று அதை எடுத்து சம்ப்பின்மேல் விரித்து, சுத்தியலின் உருண்டைப் பக்கத்தால் விளிம்பை டொக்கு டொக்கென்று தட்டிக்கொண்டே போனார். தட்டத் தட்ட அட்டை விளிம்பின் வடிவத்துக்கு வெட்டுப்பட்டது, போல்ட் ஓட்டைகள் வட்டவட்டமாகத் தெறித்தன. கை தானாகப் போயிற்று. கைக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. கைக்குத் தெரிந்தது தலைக்குத் தெரியாமல் போகுமா? காலுக்குத் தெரிந்தது? கை காலெல்லாம் சேர்ந்துகொண்டு அவரை விட்டுவிட்டு ஒரு நாள் குலசாமி கோயிலுக்குப் போய்வந்திருக்க முடியுமா? நடு அட்டை முழுசாகக் கழன்று விழுந்தது. குழந்தையின் முகம் தரையில் கிடந்து சிரித்தது, கையில் வெறும் சட்டம். அவர் முகத்தைக் குப்புறத் திருப்பிப் போட்டார்.

உத்திரத்தன்றைக்குக் காய்ச்சல். அதில் சந்தேகமே இல்லை. சாயங்காலம் கண்ணைத் திறந்தபோது சொர்ணம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். கூடத்தில் அவள் தம்பி தங்கப்பாண்டி இருந்தான். எப்ப மாப்பிள்ளை வந்தே என்று கேட்டதற்கு, சும்மாதான் மச்சான், இந்தப் பக்கம் ஒரு வேலை என்றான். நல்ல நாளும் அதுவுமாக, சாத்தான்குளத்தில் கடையைப் போட்டுவிட்டு அவனுக்கு இந்தப் பக்கம் என்ன வேலை? அன்றைக்கு அது தோன்றவில்லை. டீ குடித்த டம்ளர்கள் டீப்பாயில் இருந்தன. அவர் செருப்பைச் சொர்ணம் கழுவி மாடிப்படியில் காயப் போட்டிருந்தாள், காய்ச்சல்காரன் செருப்பை எதற்குக் கழுவ வேண்டும்? கிருமி என்று நினைத்திருப்பாள். அவளுக்குக் கிருமி என்றால் பயம். காலையில் என்ன நடந்தது? காலையில் காய்ச்சல். காய்ச்சலாகப் படுத்திருந்தது நினைவிருக்கிறதா, காய்ச்சல் என்று சொர்ணம் சொன்னது நினைவிருக்கிறதா? இரண்டையும் பிரிக்கப் பார்த்தார். ஈரத் தாள் மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தன, இழுத்தால் கிழிந்துவிடும் போலிருந்தது. நெற்றியில் அவள் கை வைத்தது தெரியும். அந்தக் கை சூடா இல்லையா என்று பார்க்கிற கையாக இல்லை, சும்மா அப்படியே இருந்தது. ரொம்ப நேரம் இருந்தது. அப்போது சுகமாக இருந்ததே என்று நினைத்தார். இப்போது பயமாக இருந்தது.

அட்டைக்கு இரண்டு பக்கமும் கம் தடவி, சம்ப்பைத் தூக்கி மாட்டி, நாலு மூலையில் நாலு போல்ட்டைக் கையால் திருகி நிறுத்தினார். இனி மற்றதையும் போட்டு, ஒரே பக்கமாக இறுக்காமல் இங்கே ஒன்று எதிரே ஒன்று என்று குறுக்கும் மறுக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். அவசரப்பட்டால் பேக்கிங் பிதுங்கிவிடும். இங்கே ஒன்று, எதிரே ஒன்று. நான் போகவில்லை, அவள் போனாள். இங்கே ஒன்று. அவளுக்கு ஓட்டத் தெரியாது, எனக்குத்தான் தெரியும். எதிரே ஒன்று. எந்தப் போல்ட்டில் நிற்கிறோம்? இதை இறுக்கியாயிற்றா? ஸ்பேனரை வைத்துப் பார்த்தார், இறுகியிருந்தது. பக்கத்தில் இருப்பதும் இறுகியிருந்தது. எதிரே இருப்பது லூசு. இல்லை, அதைத்தான் முதலில் இறுக்கினோம். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். பாதி வழியில் மறுபடி சிக்கியது. எல்லோருக்கும் வருவதுதான், ஒரே மாதிரி இருக்கிற போல்ட் யாருக்குமே குழம்பும், இதற்கும் அதற்கும் முடிச்சுப் போடாதே என்று தன்னையே அதட்டினார். கடைசியில் கரித்துண்டு எடுத்து, இறுக்கிய ஒவ்வொன்றிலும் ஒரு கோடு போட்டார். முன்னெல்லாம் கோடு போட்டதில்லை. கண்ணில் வியர்வை இறங்கி எரிந்தது, வியர்வைதான்.

அப்போது போர்ட்டிகோவில் இரண்டு பாதங்கள் வந்து நின்றன. மெட்டி, வெடித்த குதிகால், நீலப் புடவையின் ஓரம். வண்டிக்கு அடியிலிருந்து பார்த்தால் சொர்ணம் அவ்வளவுதான் தெரிந்தாள்.

"மோர் கொண்டாந்திருக்கேன். இன்னும் முடியலையா? வெயில்ல எதுக்கு இந்தப் பாடு, ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டா ஆகாதா?"

முகம் தெரியாமல் இருப்பது நல்லது என்று அவருக்குப் பட்டது. முகத்தைப் பார்த்தால் கேட்க முடியாது.

"சொர்ணம், அடியில தேரி மண்ணு ஒட்டியிருக்கு."

பாதங்கள் ஒன்றையொன்று ஒட்டி நின்றன.

"புதுசாக் கல்லு இடிச்சிருக்கு. வண்டி கோயில் பக்கம் போயிருக்கு. நான் போகலை." கொஞ்சம் நிறுத்தினார். குரல் கெஞ்சுகிற மாதிரி வந்துவிடுமோ என்று இருந்தது, அப்படித்தான் வந்தது. "நீயா ஓட்டிட்டுப் போன?"

வலது பாதத்தின் பெருவிரல் இடது பாதத்தின்மேல் ஏறி, மெட்டியை ஒரு சுற்றுச் சுற்றியது. மோர் டம்ளர் தரையில் வந்து உட்கார்ந்தது.

"ஆமா. நான்தான்."

"நீயா?"

"நான்தான்ங்கேன்ல. கத்துக்கிட்டேன். சொன்னா வைவீகன்னு சொல்லலை. உத்திரத்துக்கு நீங்க படுத்திருந்தீகள்ல, குலசாமிக்கு ஒரு தீபமாச்சும் போடணும்னு போயிட்டு வந்துட்டேன். கல்லுல லேசா இடிச்சிருச்சு."

தவசிமுத்துவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. சாக்கின்மேல் படுத்தபடியே உடம்பு குலுங்கச் சிரித்தார். "கள்ளி! கம்முனு இருந்துக்கிட்டு என்னா வேலை பாத்திருக்கா பாரு! லைசென்சு இல்லாம அவ்வளவு தூரமா? போலீசு புடிச்சா யாரு பதில் சொல்றது?" என்று வைதார். வையும்போது நெஞ்சு நிறைந்து போயிற்று. கூலிங் கிளாஸ் பயலை நினைத்து இன்னொரு தடவை சிரித்தார். பங்குனி மாசம் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று அச்சாக விழுந்தன. போல்ட்டுகள் மளமளவென்று இறுகின. வெளியே வந்து மோரை ஒரே மடக்கில் குடித்தார். புது எண்ணெயை ஊற்றும்போது பாட்டு மாதிரி எதையோ முணுமுணுத்தார். சொர்ணம் தூணைப் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள், அவளுக்கும் கொஞ்சம் சிரிப்பு வந்தது. உலகத்தில் ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

"சரி டிரைவரம்மா, ஏறு. ஸ்டார்ட் பண்ணு. நான் அடியில படுத்து ஒழுகுதான்னு பாக்கேன். கியர் நியூட்ரல்லதான் இருக்கு."

"நானா?"

"பின்ன? கோயிலுக்கு நான் சாவி போட்டா போன?"

அவர் மறுபடி அடியில் போய் டார்ச்சைப் பிடித்துக்கொண்டார். கதவு திறந்தது. ஸ்பிரிங் கிறீச்சிட்டது, வண்டி லேசாக ஒரு பக்கம் அமிழ்ந்தது. சாவி போடுகிற சத்தம், ஒரு சின்னக் க்ளிக். அடுத்து என்ஜினைக் கிளப்புகிற செல்ப் அடிக்க வேண்டும். அடிக்கவில்லை. அவர் காத்திருந்தார். பதற்றமாக இருக்கும், நான் இருக்கிறேன் இல்லையா, புருஷனுக்கு முன்னால் யாருக்கும் கை நடுங்கும். இன்னொரு க்ளிக். பிறகு வேறொரு சத்தம் வந்தது. க்றாச், க்றாச் என்று ரப்பர் எதையோ தேய்க்கிற சத்தம். என்னவென்று கொஞ்ச நேரம் பிடிபடவில்லை. பிறகு தெரிந்தது. வைப்பர். சித்திரை வெயிலில், ஒரு சொட்டு மழை இல்லாமல், காய்ந்த கண்ணாடியில் வைப்பர் ஓடிக்கொண்டிருந்தது. ஹார்ன் ஒரு தடவை பீங் என்று அடித்து நின்றது. அவள் கூப்பிடவில்லை, ஒன்றும் கேட்கவில்லை. ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். க்றாச், க்றாச். டார்ச் வெளிச்சத்தில் கரிக்கோடு போட்ட போல்ட்டுகள் வட்டமாக நின்றன, சம்ப்பில் ஒரு சொட்டுக்கூட இல்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டார். அங்கேயே படுத்திருக்கலாம் என்று இருந்தது.

வெளியே வந்தபோது அவள் இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, எதையும் மிதித்துவிடக் கூடாது என்று கால் இரண்டையும் சீட்டுக்கு அடியில் மடக்கி வைத்து உட்கார்ந்திருந்தாள். அவரைப் பார்க்காமல் முன்னால் பார்த்தாள். அவர் ஜன்னல் வழியாகக் கையை விட்டு வைப்பரை நிறுத்தினார்.

"நான் அங்க என்ன பண்ணேன்?" என்று கேட்டார்.

அவள் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"விடியக்காலம் தனியாக் கிளம்பிப் போயி, அங்க என்னையத் தேடியிருக்கீக. கூட வந்த சொர்ணத்தைக் காணோம், பாத்தீகளான்னு ஒவ்வொருத்தர்ட்டயும் கேட்டிருக்கீக. பூசாரி என் தம்பிக்குப் போன் போட்டாரு. அவன்தான் வந்து ஓட்டிட்டு வந்தான்."

அவர் தலையாட்டினார். கேட்டது எல்லாம் புரிந்த மாதிரியும் இருந்தது, வேறு யாருக்கோ நடந்த கதை மாதிரியும் இருந்தது. எங்கேயோ ஒரு கூட்டத்தில் நீலப் புடவை ஒன்றைத் தேடிக்கொண்டு நிற்கிற ஆள் யார்? பாவம், அவனுக்குக் கிடைத்ததா? எதிரே இருந்த முகத்தை உற்றுப் பார்த்தார். இது சொர்ணம், மூக்குத்தி, புருவத்துக்கு மேலே அந்தத் தழும்பு, சொர்ணம்தான். ஒரு விரல் எண்ணெய்க் கறையை அவள் கன்னத்தில் வைத்துவிட்டுத்தான் கையை எடுத்தார்.

"சரி, இறங்கு. நானே ஸ்டார்ட் பண்ணிப் பாக்கேன். சாவியைக் கொடு."

சொர்ணம் சாவியை உருவினாள். இறங்கிக் கதவைச் சாத்தினாள். அவர் நீட்டிய கையைப் பார்த்தாள், கறுப்பாக, நடுக்கமில்லாமல், நன்றாகத்தான் இருந்தது அந்தக் கை.

"சோறு ஆறுது, வாங்க" என்று சொல்லிவிட்டு, சாவியை முந்தானையில் வைத்து இறுக்கி முடிந்துகொண்டு, அவர் வருகிறாரா என்று திரும்பிப் பார்த்தபடி வாசற்படியில் நின்றாள்.